எம்ப்டி சால்னா

ஜூலை 4, செவ்வாய்

காலையிலிருந்தே காற்று. பூதலூரிலிருந்து பாசஞ்சரில் தஞ்சாவூர். போனவர்கள்: நான், இவர், மகள் ஸ்டெல்லா. வேறு யாரும் இல்லை.

வேலை: ஞாயிறன்று மாப்பிள்ளை வீட்டாருக்குச் சாப்பாடு போட ஒரு சைவ ஓட்டல் பார்ப்பது. துபாய்ப் பையன், அருள். பத்து நாள் லீவு. வேளாங்கண்ணிக்குப் போகிற வழியில் இறங்கி ஓட்டலிலேயே பெண் பார்க்கிறார்கள். கறி, மீன், முட்டை தொடமாட்டானாம். அம்மா பிழைத்தால் ஆயுசுக்கும் விட்டுவிடுகிறேன் என்று மாதாவிடம் வேண்டுதல். ஆறு வருஷமாக. கேட்டதுமே எனக்குப் பிடித்துவிட்டது.

இவர்: "பொண்ணையும் கொடுத்துட்டு அவங்க வீட்ல போய் மோர்க்குழம்பு சாப்பிடணுமா?"

பார்த்தவை:

1. பஸ் ஸ்டாண்ட் எதிரில். சுத்த சைவம். சாம்பார் நன்று. மேசைத் துணி அழுக்கு.

2. ரயிலடி அருகில், ஏ.சி. கோபி மஞ்சூரியன் என்று சிவப்பாக ஒன்று. ஸ்டெல்லா முழுத் தட்டும் தின்றாள். விசாரித்தால் மாவில் முட்டை. வேண்டாம்.

3. கீழே அசைவம், மாடி சைவம். பரோட்டா, சால்னா. கறி போட்டதா என்று கேட்டேன். பரிமாறுகிற பையன்: "பீஸ் இல்லாத எம்ப்டி சால்னாக்கா. ஒரு துண்டு இருந்தா காசு தர வேணாம்." இந்த மணம் என் குருமாவுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

முடிவு: எண் 1. இல்லாவிட்டால் 3.

ஜூலை 9, ஞாயிறு

முதல் பூசை பார்த்துவிட்டு ரயில். எண் 1 பூட்டு. முதலாளி வீட்டில் சாவு என்று அட்டை. எண் 3 மாடிக்கே கூட்டிப்போனோம்.

அருள் கொஞ்சம் கறுப்பு. நல்ல பல். "துபாய்ல சைவச் சாப்பாட்டுக்கு ரெண்டு பஸ் மாறிப் போவேங்க."

"போயி?" என்றாள் ஸ்டெல்லா.

"தயிர் சாதம்."

ஸ்டெல்லா சிரித்தாள். அவனைப் பார்த்தே சிரித்தாள். இதுவரை வந்த மூன்று பேரிடமும் தலை நிமிரவில்லை.

சால்னா நானே இரண்டு தடவை ஊற்றினேன். "போதும் அத்தை" என்றான். அத்தை என்றான்.

அவர்கள் வேன் ஏறியபின் சமையல்காரரிடம் பக்குவம் கேட்டு எழுதினேன். தேங்காய், கசகசா, சோம்பு.

"அதெல்லாம் கெடக்கட்டும்மா. ஆட்டெலும்பு நாலு மணி நேரம் கொதிக்கணும். ருசியே அதுலதான்."

"மாடிக்குமா?"

"ஒரே அண்டாதான். மாடிக்கு பீஸ் போடமாட்டோம்."

பேனாவை மூடிவிட்டேன்.

ஜூலை 10, திங்கள்

மேகமூட்டம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. இவர் வயலுக்குப் போகாமல் என் பின்னாலேயே.

"வாயத் தொறக்காத. அவன் தட்டுல பீஸ் இருந்துச்சா? இல்லல்ல. அப்ப சைவந்தான்."

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கறி கிடையாது. ஆனால் வியாழன் வைத்த குழம்பில் துண்டை ஒதுக்கிவிட்டு இவர் ஊற்றிக்கொள்வார். இருபத்துநாலு வருஷமாகச் சூடுபண்ணிக் கொடுத்தவள் நான்தான்.

ஸ்டெல்லா: "சொல்லி, வேணாம்னுட்டாங்கன்னா?"

"தெரியலடி."

கொஞ்ச நேரம் அரிசி புடைத்தாள். முகம் காட்டவில்லை. பிறகு, "சொல்லிடும்மா. நாளைக்கு நான்தான அவருக்கு சோறு போடணும்."

சோப்பு தீர்ந்தது. துவரம்பருப்பும்.

ஜூலை 11, செவ்வாய்

தூறல். அருளின் அம்மாவுக்கு, மெட்ராஸ் விலாசத்துக்குக் கடிதம். 'சம்பந்தி' என்று எழுதி, அடித்துவிட்டு, வேறு தாளில் எழுதினேன். நகல்:

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிறன்று தம்பி சாப்பிட்ட சால்னா ஆட்டெலும்பு போட்டுக் கொதிக்க வைத்தது. நீங்கள் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பார்த்துப் பார்த்து ஊற்றியது நான். தம்பி மேல் குற்றம் இல்லை. வேண்டுமானால் பங்குச் சாமியாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மறைத்துவிட்டுப் பெண் கொடுக்க மனம் வரவில்லை. ஸ்டெல்லாவுக்குப் பூரண சம்மதம். உங்கள் முடிவு எதுவானாலும், தம்பி விமானம் ஏறுவதற்குள் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.