ஒரு விரல் இடைவெளி

அன்பு அக்கா,

இந்த மலையில் போனுக்குச் சிக்னல் இல்லை, அதனால்தான் காகிதம். குளிரில் விறைத்துப்போவோம் என்று பயந்தாயே, அந்தக் கவலை வேண்டாம். கார் கூரைமேல் விரித்த கூடாரத்துக்குள் நல்ல சூடு. அடியில் கலைமான் தோல். கீழே வண்டியோரம் வைத்த டீசல் ஹீட்டரிலிருந்து குழாய் வழியாகச் சூடான காற்று வருகிறது. ரூனா கன்னம் சிவக்கத் தூங்குகிறாள். தூக்கத்தில் என்னை உதைத்துக்கொண்டே இருப்பவள், இன்று அசையவே இல்லை.

சாயங்காலம் விஷவாயு அலாரம் கத்தியது. எஸ்பென் சிரித்தார். "அதுக்கும் குளிருதுபோல, பல்லு தந்தியடிச்சுக் கத்துது, விடு!" பேட்டரியைக் கழற்றி மகளின் டார்ச்சில் போட்டுவிட்டார். ஜன்னலை ஒரு விரலாவது திறந்து வைக்கச் சொன்னாயே, அதையும் சொன்னேன்.

"உங்கக்காவுக்கு இந்த மலையையே சூடாக்கணுமா? பனி உள்ள வருது, மூடு!"

மூடிவிட்டேன்.

அதற்குப் பிறகு பனி விடவேயில்லை. வண்டிச் சக்கரங்கள் புதைந்திருக்கும். ஹீட்டரின் புகைக்குழாயும் பின்சக்கரத்தின் பக்கம்தான் இருக்கிறது.

எனக்குத் தலை வலிக்கிறது. பகலெல்லாம் பனியில் சறுக்கிய களைப்பு என்றுதான் நினைத்தேன். ரூனாவும் "தலை வலிக்குதும்மா" என்று சாப்பிடாமல் படுத்தாள். எஸ்பெனும் தலைவலி என்று சொல்லித்தான் படுத்தார். இப்போது அவருடைய குறட்டையும் கேட்கவில்லை.

அக்கா, மூன்று பேருக்கும் ஒரே ராத்திரியில் எப்படித் தலை வலிக்கும்?

எல்லா ஜன்னல்களையும் திறக்கப்போகிறேன். குளிரில் இவள் வீறிட்டு அழட்டும். அவர் எழுந்து என்னைத் திட்டட்டும். திட்டினால் போதும்.

உன் தங்கை