பெட்டி திறக்காத வருடம்

அந்தோணியார் துணை

கரோமீன்,
கிளேர் மாவட்டம்.
9 பிப்ரவரி 1997, ஞாயிறு

அன்புள்ள தம்பி ஃபிளானனுக்கு அக்கா டீலியா எழுதிக்கொள்வது.

நான் நலம் என்று எழுதினால் என் இடுப்பே சிரிக்கும். ஆனாலும் பூசைக்கு நடந்துதான் போய் வருகிறேன். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் மனைவி கார்மெல் கண்ணை மூடி மூன்று மாதம்தான் ஆகிறது. கேட்டால் "இருக்கேன்" என்று ஒரு வார்த்தை எழுதுவாய். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்வேன்.

கிறிஸ்துமஸிலிருந்து இங்கே விடாத மழை. கீழ்வயல் குளமாகிக் கிடக்கிறது. மூன்று மாடுகளில் இரண்டு ஈன்றுவிட்டன, மூன்றாவது என்னைப் போல யோசித்துக்கொண்டிருக்கிறது. ஹேகர் வீட்டு மேமியின் மகன் புது வீடு கட்டி வாசல் தூணில் இரண்டு கல் கழுகுகளை வைத்திருக்கிறான். மேமிக்குத் தொண்ணூறு வயது. காது போய்விட்டது, கண் மட்டும் அந்தக் கழுகுகளுடையதைவிடக் கூர்மை. யார் வீட்டுக்கு யார் போகிறார்கள் என்று இன்னும் ஜன்னலிலிருந்து கணக்கெடுக்கிறாள். வருகிற புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன், மாட்டையும் மழையையும் சொல்லிச் சுற்றி வளைக்கிறேன்.

வியாழக்கிழமை ஜெரால்டினிடமிருந்து கடிதம் வந்தது. உன் மகள் உன்னைப் போலக் கஞ்சம் இல்லை, நான்கு பக்கம் எழுதியிருந்தாள். கார்மெலை அடக்கம் செய்த அன்று உன் அக்கார்டியன் பெட்டியைத் துணி அலமாரி மேல் வைத்தவன் இன்னும் இறக்கவில்லையாம். உன் பேரில் ஒரு இசைத்தட்டு போட வேண்டும் என்று மே மாதத்துக்கு நாள் குறித்துக் கேட்ட மனிதருக்கு, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று எழுதிவிட்டாயாம். அடுத்தவர்களுடைய இசைத்தட்டுகளின் பின்பக்கத்தில் நான்காவது பேராகவே அறுபத்தோரு வயது வரை இருந்துவிட்டு, தன் பேர் முன்பக்கம் வருகிற நேரத்தில் எந்தப் புத்தியுள்ளவன் அப்படி எழுதுவான்? டாக்டர் சொன்னதையும் அவள் மறைக்கவில்லை. முப்பது வருடம் கான்கிரீட்டும் பலகையும் தூக்கிய விரல் முட்டிகள், இந்தக் கோடை தாண்டினால் பொத்தான்கள் மேல் ஓடாது என்றாராம். அடுத்த வருடம் என்று நீ சொல்வது, இனி இல்லை என்பதுதான். அது உனக்கும் தெரியும்.

அப்பா, ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று அவள் உன்னைக் கேட்டாளாம். நீ சொன்ன பதிலை அப்படியே எழுதியிருந்தாள். "எங்க வீட்டு வழக்கம்மா அது. சாவு விழுந்த வீட்டுல ஒரு வருஷம் பாட்டுச் சத்தம் கேக்கக் கூடாது. எங்கக்கா எனக்குக் கத்துக் குடுத்தது. அவ செஞ்சது சரிதான்."

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டேன். நான் செய்தது சரியில்லை, ஃபிளானன். எவ்வளவு சரியில்லை என்று உனக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவள் நான்தான்.

ஐம்பத்தேழாம் வருடம் உனக்கு இருபத்திரண்டு. டால்டியின் லாக் ஃபாடா இசைக்குழுவில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நீ வாசித்தால் ஆடுகிறவர்களுக்கு மூச்சு வாங்காது என்று பேர். வேகம் கூட்டாமல், துருத்தியைச் சின்னச் சின்னதாக இழுத்து அமுக்கி, குதிகால் தரையில் விழுகிற இடத்தில் சரியாக நீ ஒரு அழுத்தம் கொடுப்பாய். ரீல் ஆட்டம் முடிந்து உட்கார்ந்த கிழவர்கள் "காலு நம்ம பேச்சக் கேக்க மாட்டேங்குதப்பா" என்று மறுபடி எழுந்திருப்பார்கள். ஈஸ்டர் முடிந்ததும் டப்ளின் வானொலியில் வாசிக்க அழைப்பு, பெந்தகோஸ்தே சமயத்தில் பெரிய போட்டி, அதில் ஜெயித்தால் இலையுதிர் காலத்தில் அமெரிக்கா என்று டால்டி மிதிவண்டியில் ஊர் ஊராய்ச் சொல்லித் திரிந்தார்.

அப்பா மட்டும் முகம் கொடுக்க மாட்டார். "வீட்டுல ரெண்டு கன்னுக்குட்டி கத்துறது பத்தாதா, இவன் வேற மூணாவதா?" என்பார். நீ பெட்டியை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டிலுக்குப் போய்விடுவாய். அவருக்கு உன் வாசிப்பு பிடிக்கவே இல்லை என்று நீ இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். கார்மெல் ஒரு கிறிஸ்துமஸ் அட்டையில் அதை எனக்கு எழுதியிருந்தாள்.

மார்ச்சில் அவர் படுத்தார், இருபதாம் தேதி போய்விட்டார். அதற்கு மூன்று நாள் முன்பு ஒரு மத்தியானம். நீ பாலை ஏற்றிக்கொண்டு பால் பண்ணைக்குப் போயிருந்தாய். அம்மா முழங்கால் வலியோடு கோழிகளைப் பார்க்கப் போயிருந்தாள். நான் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வாய் வாங்கிவிட்டுக் கேட்டார்:

"பய ஏன் வாசிக்க மாட்டேங்கிறான்?"

நீங்கள் முடியாமல் கிடக்கிறீர்களே, அதனால்தான் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த நிலையிலும் அவருக்குக் கோபத்துக்குக் குறைவில்லை. "நான் கிடந்தா அவன் ஏன் ஊமையா கிடக்கணும்? இங்க பாரு டீலியா. நான் போயிட்டேன்னா ஒரு வருஷம் பெட்டிய மூடுங்க அது இதுன்னு ஆரம்பிச்சுடாதீங்க. அவன டப்ளினுக்குப் போகச் சொல்லு, நான் சொன்னேன்னு சொல்லு. ரேடியோவுல நம்ம குடும்பப் பேரு சொல்லுவாங்கல்ல, கான்சிடைன்னு? சொல்லட்டும். நாலு பேரு கேக்கட்டும்."

சொல்கிறேன் அப்பா என்றேன். மீதிக் கஞ்சியையும் ஊட்டினேன்.

சொல்லவில்லை.

அடக்கத்தன்று மேமி முற்றத்தில் நின்றுகொண்டு, என் காதில் விழ வேண்டும் என்றே பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள், "குழியில புல்லு முளைக்கிறதுக்குள்ள பெட்டி கத்துதா இல்லையான்னு பாப்போம்" என்று. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று பயந்தேன். அன்று மாலையே உன் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டின் கையில் கறுப்புத் துணியை வைத்துத் தைத்தேன். நீயாகவே பெட்டியை மாவுச் சாக்கில் சுற்றி மேலே வைத்தாய்.

ஈஸ்டர் முடிந்து டால்டி வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, உன்னிடம் இல்லை, என்னிடம் கேட்டார். "அந்த ஒரு நாள் மட்டும் தம்பிய அனுப்பும்மா. ரேடியோவுக்குள்ள எவன் பாக்கப் போறான்?" நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். "எங்கப்பா மண்ணு இன்னும் ஈரம் காயல. உங்களுக்கு ஆட்டம் கேக்குதா?" என்றேன். நீ எனக்குப் பின்னால் மேசையில் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாய், கத்தி நின்றது. நான் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நீ சொன்னாய்: "அக்கா சொல்றதுதான் டால்டி." கத்தி மறுபடி அறுக்கத் தொடங்கியது.

வானொலியில் அவர்கள் வாசித்த ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு வானொலியின் மேல் துணி போட்டிருந்தேன். ஆனால் மேமி வேண்டுமென்றே தன் ஜன்னலைத் திறந்து வைத்தாள். வயலைத் தாண்டி எல்லாம் கேட்டது. உன் இடத்தில் லூயி கீன் வாசித்தான், நன்றாகத்தான் வாசித்தான். நான் கோழிக்கூண்டுப் பக்கம் இருந்தேன். நீ வைக்கோல் முள்ளை ஊன்றிக்கொண்டு நின்றாய். உன் வலது கை விரல்கள் அந்த மரப்பிடியின் மேல் ஓடிக்கொண்டிருந்தன. நான் பார்த்தது உனக்குத் தெரியாது. பார்த்துவிட்டு முட்டை பொறுக்கப் போனேன்.

அவர்கள் ஜெயித்தார்கள், அமெரிக்கா போனார்கள், இசைத்தட்டு போட்டார்கள். வருடம் முடிந்த மறுநாள் நீ சாக்கை அவிழ்த்தாய். அந்த ஈர வீட்டில் ஒரு வருடம் மூடிக் கிடந்ததில் துருத்தியில் பூஞ்சை, நான்கு பொத்தான் அமுக்கினால் எழவில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து சரி செய்து டால்டியிடம் போனாய். "லூயிய இப்ப எப்படிப்பா போகச் சொல்றது?" என்றாராம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஏப்ரலில் நீ கட்டட வேலை தேடிக் கப்பல் ஏறிவிட்டாய்.

ஊர் வாய்க்குப் பயந்தேன் என்று மேலே எழுதினேன். அது பாதிதான். முழு உண்மையையும் எழுதாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. ஒருவர் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். பேர் வேண்டாம், அவரும் இப்போது இல்லை. நீ வீட்டோடு இருந்து நிலத்தையும் அம்மாவையும் பார்த்துக்கொண்டால் நான் போகலாம் என்று இருந்தேன். நீ டப்ளின் போனால் அமெரிக்கா போவாய், அமெரிக்கா போனால் திரும்பி வர மாட்டாய். ஒரு வருடம் உன்னைக் கட்டிப்போட்டால் அந்த ஆசை அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். துக்கம் எனக்குச் சாக்காகக் கிடைத்தது. செத்துப்போன அப்பாவைக் காவலுக்கு நிறுத்தி உன்னைப் பூட்டினேன். பூட்டியும் நீ போய்விட்டாய், நான்தான் வீட்டோடு நின்றேன். எனக்கு அது வேண்டியதுதான். உனக்கு அப்படி நடந்திருக்க வேண்டியதில்லை.

அம்மாவின் அடக்கத்துக்கு எழுபத்தொன்றில் வந்தபோது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நீ இரண்டு நாள்தான் இருந்தாய், அதுவும் பட்டணத்து விடுதியில். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்று விட்டுவிட்டேன். அப்போது சொல்லியிருந்தால் கார்மெலுக்காக நீ இன்று பெட்டியை மேலே ஏற்றியிருக்க மாட்டாய்.

அந்த மகராசியை நான் இரண்டு முறைதான் பார்த்தேன். ஆனால் அவள் அனுப்பிய ஒலிநாடா என்னிடம் இருக்கிறது. உங்கள் சமையலறையில் நீ வாசிக்கிறாய், அவள் பாத்திரம் கழுவுகிறாள். தட்டுகள் உருள்கிற சத்தம் பாட்டைவிடப் பலமாக இருக்கிறது. நீ ஒரு ஜிக் மெட்டை முடித்து நிறுத்தினால் உடனே "ஏன் நிறுத்திட்டீங்க? இன்னும் சட்டி கிடக்கு" என்கிறாள். வாசிக்காவிட்டால் ஒரு சட்டிகூடக் கழுவ மாட்டாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அவளுக்கு நீ காட்டுகிற மரியாதை இந்த ஊமைத்தனமா? அவள் இருந்தால் உன்னைக் கரண்டியால் அடிப்பாள்.

வழக்கம் நல்ல வழக்கம்தான். மனம் தானாக அடங்கிப்போகிறவனுக்கு அது ஆறுதல். ஆனால் உனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவள் பொய் சொல்லிக் கற்றுக்கொடுத்தாள். நம் வீட்டில் ஒரே ஒருவருக்குத்தான் அதைச் சொல்ல உரிமை இருந்தது, அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் செத்தார். அப்பா சொன்னதை நாற்பது வருடம் தாமதமாக உன்னிடம் ஒப்படைக்கிறேன். அந்த மனிதருக்கு இன்றைக்கே எழுது, மே மாதமே வருகிறேன் என்று. ஊரில் யாராவது ஏதாவது சொன்னால், அக்கா சொன்னாள் என்று சொல். அந்தப் பேரை வைத்து உன்னைத் தடுத்தேன், அதே பேர் ஒரு முறையாவது உன்னைப் போக விடட்டும்.

மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். அது நீயாகத் தர வேண்டியது, நான் கேட்டு வாங்க வேண்டியது இல்லை. படித்துவிட்டு நீ என்மேல் கோபப்பட்டால் எனக்கு ஒருவிதத்தில் நிம்மதி. நாற்பது வருடமாக நீ கோபப்படாமல் இருந்ததுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

இத்தனை எழுதியும், இல்லை, என்னால் முடியவில்லை, இந்த வருடம் முழுக்க வாசிக்காமல்தான் இருப்பேன் என்று உனக்குத் தோன்றினால், நான் உன்னை வற்புறுத்த மாட்டேன். அப்படியென்றால் ஒன்று மட்டும் செய். அங்கே ஒற்றை அறையில் இருக்காதே. இங்கே வந்து வாசிக்காமல் இரு. உன் பழைய அறையைக் காய வைத்திருக்கிறேன். நானும் பேச மாட்டேன்.

ஆண்டவர் உன்னையும் உன் இரண்டு கைகளையும் காப்பாராக.

உன் அக்கா,
டீலியா