கஜூ பாலம்வரை நடக்க ஆள் வேண்டும்

அன்பு மகள் நஸ்தரனுக்கு, இஸ்ஃபஹானிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை. ஹாம்பர்க் குளிரில் காதை மூடிக்கொண்டுதானே வெளியே போகிறாய்?

வறண்டு கிடந்த நம் ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்கள்! செவ்வாய்க்கிழமை மாடிவீட்டுத் தூபா கத்தினாள், வீட்டுச் செருப்போடு ஓடினேன். வெடித்துக் கிடந்த மண்ணெல்லாம் நனைந்தது, முன்பின் தெரியாதவர்கள் மிட்டாய் நீட்டினார்கள். வெள்ளிக்கிழமை தேநீர்க் குடுவையோடு நானும் அப்பாவும் முப்பத்துமூன்று கண் பாலத்திலிருந்து நம் பழைய வழியில் நடந்தோம். சின்ன வயதில் கால் வலிக்கிறது என்று நீ சிணுங்கினால், அதோ கஜூ பாலம் தெரியுது பார் என்பேன், உடனே ஓட்டம் பிடிப்பாய். அங்கே கல் சிங்கத்தின் மேல் ஏறினால் உன்னை இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வளைவுகளுக்குக் கீழே பாடுகிறவர்களோடு அப்பாவும் சுருதி சேராமல் சேர்ந்துகொள்வார், அவர் யாரோ எவரோ என்பதுபோல் நீ தள்ளி நிற்பாய். இந்தத் தடவை பாதி வழியிலேயே என் கால் மடங்கிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து தூரத்திலிருந்தே பாலத்தைப் பார்த்து அழுதேன். அவ வரேன்னு சொன்னப்ப நீதானே வேண்டாம்னே, இப்ப அழுது என்ன பண்றது என்றார் அப்பா.

நான் நிஜமாகவா சொன்னேன்? விருந்தில் இரண்டு தடவை வேண்டாம் என்பதும் மூன்றாம் தடவை தட்டை நீட்டுவதும் நம் வழக்கமில்லையா? போனில் வரட்டுமாம்மா என்றாய், எதுக்குடி இவ்ளோ தூரம், வேலையைப் பாரு என்றேன். மறுபடி கேட்பாய் என்று காத்திருந்தால், சரிம்மா என்று வைத்துவிட்டாய். அங்கே போன பதினோரு வருஷத்தில் எல்லாம் மறந்தாயே என்று கோபம் வந்தது. யோசித்தால் உன்மேல் தப்பில்லை, சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்ளும் ஊரில் இருக்கிறாய்.

அடுத்த மாதம் முழங்காலில் ஆபரேஷன். பிறகு எவ்வளவு நடப்பேன் என்று டாக்டருக்கே தெரியவில்லை, ஆற்றில் தண்ணீரும் மூன்று வாரம்தானாம். அதனால் உபசாரம் இல்லாமல் ஒரே தடவை எழுதுகிறேன், வா. என் கையைப் பிடித்துக்கொள். கால் வலிக்கிறது என்று நான் சிணுங்கினால், அதோ பாலம் தெரியுது பார் என்று நீ சொல்லு.

தூபாவின் தங்கை திங்களன்று அங்கே கிளம்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ கேட்ட உலர்ந்த எலுமிச்சையை மட்டும் அனுப்பவில்லை, வந்து எடுத்துக்கொள். கடவுள் உன்னை நல்லபடி வைக்கட்டும். இதைப் படித்ததும் போன் செய்வாய், பழக்கதோஷத்தில் நான் வேண்டாம் என்பேன். நம்பாதே.

உன் அம்மா,
ஃபக்ரி