கேட்காமல் மாற்றிய சுவிட்ச்

அன்புள்ள அம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? ஜெர்மனியில் நான் நலம். குளிர்தான் கொஞ்சம் பேஜார்.

போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். பெரிய இயந்திரங்களை வடிவமைக்க எங்கள் ஆபீஸில் மூன்று வழிமுறைகள் வைத்திருக்கிறார்கள். அவற்றைச் சர்வதேசத் தரநிலையோடு வரிவரியாக ஒப்பிடுவதுதான் என் வேலை. இயந்திரத்தின் படம் வரைவதற்கு முன்னால், அதைப் புழங்கப்போகிறவர்களையும் அதனால் பாதிக்கப்படுகிறவர்களையும் கேட்க வேண்டும் என்கிறது தரநிலை. ஒரு வழிமுறையில் அந்தப் பேச்சே இல்லை. "தேறாது" என்று சிவப்பில் எழுதினேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

அன்றைக்கே நம் ரேஷ்மா போன் செய்தாள். "அக்கா, நீ மாட்டச் சொன்ன ஆட்டோமேட்டிக் சுவிட்ச், தொட்டி ரொம்பினதும் மோட்டாரைத் தானா நிறுத்திடுது. பக்கத்து வீட்டு தீபா அக்காவுக்கு அம்மாவால முன்ன மாதிரி மோட்டாரை ஓடவுட்டு ஓஸ்ல தண்ணி வுட முடியல. அவங்க குடத்தைத் தூக்கிகினு தெருக்குழாய்க்குப் போறாங்க."

நீங்களோ, புது சுவிட்ச் எப்படி என்று நான் கேட்ட ஒவ்வொரு முறையும் "நல்லாதாம்மா இருக்கு" என்றீர்கள்.

தீபா வீட்டு போர்வெல் வறண்டது எனக்குத் தெரியும். மோட்டாரை நிறுத்த நீங்கள் படி இறங்கக் கூடாது என்று நினைத்தேனே தவிர, மாட்டுவதற்கு முன் உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் தேறவில்லை, அம்மா.

எலக்ட்ரீஷியன் ஜாபர் மாமாவிடம் சொல்லிப் பழைய சுவிட்சையே மாட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் விடும்போது முன்போல எனக்குப் போன் போடுங்கள். மோட்டார் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசுவீர்களே, அதைக் கேட்டு நான்கு மாதமாகிறது.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் அஃப்ஷான்