தாய்மாமன் மடி

பெரம்பலூர்,
மார்கழி 8, செவ்வாய்

அன்புள்ள நர்மதாவுக்கு அண்ணி வேணி எழுதுவது.

நீயும் உன் வீட்டுக்காரர் செல்லமுத்து அண்ணனும் தமிழ்மொழிப் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும். போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தால் அழுகிறாய். சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைத் தேற்றுவதே எனக்கு வேலையாகிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். இங்கே ஆஸ்பத்திரியில் எதிர்க் கட்டிலில் இருக்கும் லப்பைக்குடிக்காட்டுப் பெரியவரின் மகன் சிராஜுதீன் நாளை சார்ஜா திரும்புகிறார். உன் கையிலேயே கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

உன் அண்ணனுக்கு வைத்திருந்த ஆக்ஸிஜனை எடுத்துவிட்டார்கள். இருமலும் குறைந்திருக்கிறது. அதைக் கேட்டு நிம்மதியாகிவிடாதே. வயிற்றில் நீர் கோத்து, ஊசி போட்டு எடுத்தார்கள், மறுபடியும் கோக்கிறது. கண் மஞ்சளாகவே இருக்கிறது. டாக்டரம்மா என்னை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். "நமக்கு இந்த ஃப்ளூ வந்தா ஒரு வாரம் இருமிட்டு எந்திரிச்சுருவோம்மா. இவருக்குக் கல்லீரல் ஏற்கனவே சுருங்கி, பாதிதான் வேலை செஞ்சுட்டிருந்துச்சு. இப்ப அந்தப் பாதியும் தளர்ந்துருச்சு" என்றார்.

பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளைக் கட்டிலில் வைத்துவிட்டு, என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "எத்தினி வருசமாக் குடிச்சாரு?" என்று கேட்கிறார்கள். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத மனுஷன், மஞ்சள் காமாலைக் கிருமி பல வருஷமாக உள்ளேயே இருந்து கெடுத்தது என்று ஆரம்பத்தில் விளக்கினேன். இப்போது தலையை மட்டும் ஆட்டிவிடுகிறேன். திருமானூரில் அவருடைய மோட்டார் ரிப்பேர் கடையைப் பங்காளி மாயவன் திறந்து மூடுகிறார்.

'பாப்பாவாலதானா அண்ணி?' என்று மெசேஜில் கேட்டிருந்தாய். கல்லங்குறிச்சியில் காதுகுத்து நடந்த அன்று பாப்பாவுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. உடம்பும் சுட்டது. ஃப்ளைட் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நீ சொன்னாய். பங்காளி மாயவன் மடியில் உட்கார வைத்துக் குத்தட்டும், உன் அண்ணனுக்குச் சளி பிடித்தால் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று நான் சொன்னேன். "சொந்தத் தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் நிக்கயில பங்காளி மடியா?" என்று உன் மாமியார் கேட்டார்கள். இவரோ அதற்குள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஊசி பட்டதும் பாப்பா வீறிட்டு அழுது, அவர் முகத்திலேயே தும்மினாள். "நான் சீரு செஞ்சேன், மருமவ திருப்பிச் செஞ்சுட்டா!" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

யாரிடமிருந்து தொற்றியது என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. "அன்னிக்கு மண்டபத்துல எத்தினி பேரு இருமுனாங்க. பாப்பான்னு மட்டும் நர்மதாகிட்ட சொல்லிடாத" என்று உன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டார். ஆனால் உன் மேல் கோபமே இல்லை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைக்கு என்ன தெரியும்? கூட்டிக்கொண்டு வந்தது நீ. தெரிந்தே உட்கார்ந்தது அவர். யாரைத் திட்டுவது என்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

இப்போது சில நேரம் தெளிவாக இருக்கிறார், சில நேரம் ஆள் மாறிவிடுகிறார். கல்லீரல் வடிகட்ட முடியாத நஞ்சு மூளைக்கு ஏறுவதால் அப்படி என்கிறார்கள். சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறார். நேற்று என்னைப் பார்த்து, "நர்மதா, பஸ்ஸு போயிரும், சைக்கிள்ல ஏறு. பரிச்சைக்கி நேரமாச்சு" என்றார். நான் வேணி என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. சரிண்ணே, ஏறிட்டேன் என்றேன். அதன் பிறகுதான் தூங்கினார்.

திருச்சிக்குக் கொண்டுபோய்க் கல்லீரல் மாற்றுவது பற்றிக் கேட்டேன். இந்த உடம்பு இப்போது அதைத் தாங்காது, முதலில் இதிலிருந்து மீளட்டும் என்றார்கள். மீள்வாரா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "வெளியூர்ல கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருந்தா வந்து பாத்துட்டுப் போவச் சொல்லுங்க" என்றார். அதை நான் உன் அண்ணனிடம் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

லீவு இல்லை என்று நீ எழுதியது காரணமில்லை என்று எனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்க்கத்தான் பயப்படுகிறாய். என்னோடு நீ ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். ஃப்ளைட்டை விட்டு இறங்கி ரயிலேறி அரியலூரில் இறங்கினால், இங்கே வரப் பஸ் இருக்கிறது. நேராக வார்டுக்கு வந்து அவர் பக்கத்தில் உட்கார். நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுகிறேன். இனிமேல் அவர் நர்மதா என்று கூப்பிட்டால் நீயே பதில் சொல்லு தாயே.

நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும்.

உன் அண்ணி,
வேணி