கடைசித் தெருவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது, மதினி

மதினி, இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

இன்று காலை கடைசித் தெரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுக் குழாய் முதலில் காற்றைத் துப்பிவிட்டு, பிறகு தண்ணீரைக் கொட்டியது. குப்பென்று குளோரின் வாடை. நீங்கள் கவுன்சிலராக இருந்தபோது, மேல்நிலைத் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தால் உங்கள் சேலையில் இந்த வாடைதான் அடிக்கும்.

நீங்கள் கண்ணை மூடியபிறகு குடிதண்ணீர்ச் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். இனி குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் இணைப்பைத் துண்டிக்கலாம். தண்ணீரைத் திறந்துவிட்டதோடு பேரூராட்சியின் வேலை முடியாது. கடைசி வீடுவரை போய்ச் சேர்ந்ததா என்பதற்கும் அதுவே பொறுப்பு. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே புரிகிறதென்றால் நல்ல சட்டமாகத்தான் இருக்கவேண்டும்.

அப்போதெல்லாம் கரண்டு போனால் கடைசித் தெருவில் கும்பிடுவார்கள். நம் தெரு மோட்டார்கள் நின்றால்தான் அவர்கள் குழாயில் தண்ணீர் எட்டிப்பார்க்கும். விளக்கு அணைந்ததும் குடத்தோடு ஓடுவார்கள். நீங்கள் இதை மன்றக் கூட்டத்தில் சொன்னபோது ஓர் உறுப்பினர் எழுந்து, "மொதல்ல ஒங்க வீட்டு மோட்டாரக் கழட்டுங்கம்மா" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம்.

நேராக வீட்டுக்கு வந்தீர்கள். "கொழுந்தனாரே, ஸ்பானர எடுங்க."

நான் திண்டுக்கல் முழுக்க அலசிப் பிடித்துவந்து மாட்டிய மோட்டார் அது. விட்டால் குடகனாற்றையே இழுத்து உங்கள் அடுப்படியில் விட்டிருக்கும். "மதினி, அடுத்து அவுக வீட்டு மோட்டாரையும் கழட்டச் சொல்லுவீகன்னு தெருவே பயந்துரும். வர்ற எலெக்சன்ல ஒரு ஓட்டு விழாது" என்றேன்.

அண்ணன், "அவன் சொல்றதும் வாஸ்தவந்தான" என்று இழுத்தார்.

"அங்கிட்டு அம்புட்டுப் பேருக்கும் நாக்கு வறளுது. நமக்கு மட்டும் தொட்டி ரொம்பணுமாக்கும்? ஓட்டு போனாப் போகுது, கழட்டுங்க."

கழற்றினேன். மறுநாள் நீங்களே தெருக்குழாயில் குடம் வைத்தீர்கள். "கவுன்சிலரம்மாவே வரிசையில நிக்கிறாகடி" என்று நம் தெருப் பெண்கள் நக்கலடிக்க, "வாங்கடி, வந்து எனக்குப் பின்னால நில்லுங்க" என்றீர்கள். நான் சொன்னபடியே தோற்றீர்கள். அன்றைக்கு எல்லோருக்கும் கறிக்குழம்பு வைத்துப் போட்டீர்களே, வடமதுரைவரை மணந்தது. தோற்ற வீடு மாதிரியா இருந்தது!

இன்று டீக்கடையில் மோட்டார் கழற்றிய கதையைச் சொன்னேன். "போங்கண்ணே, எந்தக் கவுன்சிலரு தன் வீட்டு மோட்டாரக் கழட்டுவாக?" என்று சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. உடனே, "சட்டம் எழுதுறதுக்கு முன்னால சென்னையிலேர்ந்து அதிகாரிக ஜீப்புல வந்து, எங்க மதினிகிட்ட யோசன கேட்டுட்டுப் போனாகப்பா" என்றேன். எதிர்வீட்டுக் குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "அதான பார்த்தேன். ஒரு பொம்பள சொல்லாம இதெல்லாம் அவுகளுக்கு எப்புடித் தெரியும்? அந்தம்மா நல்லாருக்கணும்" என்றாள்.

மதினி, ஜீப்பும் வரவில்லை, அதிகாரியும் வரவில்லை என்று உங்களுக்குத் தெரியாததா? அது நானாகச் சேர்த்தது. ஆனால் அதைத்தான் எல்லோரும் தலையாட்டி நம்பினார்கள். நீங்கள் நிஜமாகச் செய்ததை நம்புவதற்கு இந்த ஊரில் நான் ஒருத்தன்தான் இருக்கிறேன்.