கும்பத் தண்ணீரும் ஸ்டியரிங் பூட்டும்

மானிப்பாயிலிருந்து நேற்று ஒரு காரை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பொத்தானை அமத்தினால் எஞ்சின் எழும்பவில்லை, ஸ்டியரிங் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கிறது என்றார் சொந்தக்காரர், ஓய்வு பெற்ற வாத்தியார். ஸ்கானரைக் கொளுவினேன். ஸ்டியரிங்கைப் பூட்டித் திறக்கிற பெட்டி, காரின் மற்றப் பெட்டிகளோடு கதைக்கவில்லை என்று காட்டியது. ஸ்டியரிங்குக்குக் கீழிருந்த மூடியைக் கழற்ற, குப்பென்று சந்தன மணம். அந்த மணத்தோடு நீ வந்து நின்றாய், மச்சான்.

உனக்கு நான் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நிம்மதி கொடுத்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும். எழுத்துப்பிழை இருந்தாலும் உனக்குத் தெரியப்போவதில்லை. அது ஒரு வசதி.

கொடிகாமத்து மரக்கறி வியாபாரியை மறந்திருக்க மாட்டாய். யப்பானிலிருந்து வந்த காரை வாங்கிய புதிதில், இதே வருத்தத்தோடு கோப்பாயில் எங்கள் கராச்சுக்குக் கொண்டுவந்தார். ஸ்கானரைப் பார்த்த கையோடு நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்: பூட்டுப்பெட்டி செத்துப்போச்சு, கொழும்பிலிருந்து புதிது எடுக்கவேண்டும். நீ மட்டும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றாய். பெட்டிக்குக் கரண்ட் போகிறதா என்று முதலில் பார் என்றாய். மீற்றரில் பன்னிரண்டு வோல்ற் காட்டுகிறதே என்று உன் மூக்குக்கு முன்னால் நீட்டினேன்.

"மீற்றர் காட்டும், அதுக்குத் துளிக் கரண்ட் காணும். ஒரு பல்பைக் கொளுவிப் பார், எரியுதோ எண்டு."

பிறகு வியாபாரியிடம் திரும்பி, காருக்குப் பூசை செய்தீர்களா என்று கேட்டாய். அவர் பெருமையோடு சொன்னார். சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து ஏற்றினாராம். ஐயர் தெளித்தது போதாதென்று தானே கும்பத்தை வாங்கி, சந்தனம் கரைத்த தண்ணீர் முழுவதையும் ஸ்டியரிங்கில் ஊற்றினாராம். அது உள்ளே இறங்கி, பெட்டிக்குப் போகிற வயர் பிளக்கில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும் என்றாய்.

கராச்சில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஆட்களைக் கண்டால் என் வாய் சும்மா கிடக்காதே.

"ஓமடாப்பா, தீர்த்தம் குடிச்சுக் காருக்கு வெறி. ஐயரைக் கூப்பிட்டு மோர் பருக்குவம்."

வியாபாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றோடு உன் பெயர் 'தீர்த்தம்' ஆகிவிட்டது.

புதுப் பெட்டி வந்தது, அதைக் காரில் பூட்டினேன், கார் எழும்பியது. பிளக்கைக் கழற்றித் திரும்ப அமத்தியதில் களிம்பு கொஞ்சம் உராய்ந்து தொடுப்புக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். நானோ வென்றவன் மாதிரித் திரிந்தேன். மூன்றாம் மாதம் அது நடுச் சந்தையில் மறுபடி படுத்தது. வியாபாரி கொதித்துக்கொண்டு வந்து, கடைசியாகக் கை வைத்தது யார் என்று கேட்டார். அதற்கு முதல்நாள் அதில் அடிக்காமல் கிடந்த கோர்ணைத் திருத்தியது நீ. தீர்த்தம் தொட்டால் இப்படித்தான் என்றேன். பகிடிக்குத்தான் சொன்னேன். அவர் அதைப் பகிடியாக எடுக்கவில்லை, நீயும் எடுக்கவில்லை. கையைக் கழுவி, எண்ணெய் பட்ட சேட்டை மாற்றி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாய்.

நீ போன பின்னேரமே பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஊசியெல்லாம் பச்சை. பல்பைக் கொளுவினேன், எரியவில்லை. களிம்பைச் சுரண்டித் துடைத்ததும் கார் எழும்பியது. வியாபாரியிடம் என்ன சொன்னேன் தெரியுமா? நீ ஒரு வயரைக் கொளுவாமல் விட்டுவிட்டாய் என்றேன். அதற்குப் பிறகு உன்னிடம் ஒருவரும் கார் தரவில்லை. தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கிற மெசின்களைத் திருத்திக்கொண்டு கிடந்தாய். போன ஆவணியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போயும் விட்டாய். செத்தவீட்டில் ஒருவன், தீர்த்தம் நல்ல மனிசன் என்று சொன்னான். அந்தப் பெயரை வைத்த நான் அவனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

நேற்று வாத்தியாரின் காரில் முதல் வேலையாகப் பல்பைத்தான் கொளுவினேன். மினுங்கவே இல்லை. அதே பச்சை. அரைமணித்தியாலத்தில் கார் எழும்ப, எப்படிப் பிடித்தீர் என்று வாத்தியார் வியந்தார். உன் சொந்தப் பெயரைச் சொல்லி, அவன் கண்டுபிடித்த வழி என்றேன். அவருக்கு ஆளை விளங்கவில்லை. தீர்த்தம் என்றதும் விளங்கிவிட்டது.

"வயரைக் கொளுவாமல் விட்டவனெல்லோ?"

"அவன் விடேல்லை, மாஸ்டர். பிழை விட்டது நான். பழியை அவனிலை போட்டதும் நான்."

அவர் சிரித்தார். செத்தவனைத் தூக்கிவிடப் பார்க்கிறீர் என்று என் முதுகில் தட்டினார். நான் எதைச் சொன்னாலும் பகிடி என்று எடுத்துப் பழகிய சனம்.

இன்று காலை உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி தேத்தண்ணியை வைத்துவிட்டு, நின்றபடியே முழுவதையும் கேட்டாள். அவள் சிரிக்கவில்லை.

"அவருக்குத் தெரியும், அண்ணை. களிம்பைக் கண்டால் நீங்கள் வருவியள் எண்டு சொன்னவர். படலையடியிலை சைக்கிள் சத்தம் கேட்டால் எட்டிப் பாப்பார்."

எத்தனை நாள் பார்த்தார் என்று கேட்காமலே படலையைச் சாத்திவிட்டு வந்தேன். கராச்சிலிருந்து உன் படலைக்குச் சைக்கிளில் பத்து நிமிடம், மச்சான். நான் வராமல் விட்ட அந்தப் பத்து நிமிடம்தான் இப்போது என்னிடம் இருக்கிறது.